ஃபைன் கட்டியதோடு முடியவில்லை

போன மாதம் அம்மா டொராண்டோவுக்குத் தனியாகத்தான் விமானம் ஏறினார். 72 வயது, ஆங்கிலம் வராது. தங்கைக்குப் பிரசவம். கூடப் போயிருக்க வேண்டிய தம்பி, ஏர்போர்ட் வாசலில் வீல்சேர் தள்ளுபவரிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டு பெங்களூரு அல்சூருக்குத் திரும்பி வந்தான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

2022இல் ஒரு சனிக்கிழமை இரவு, இந்திராநகர் 100 அடி சாலையில் அவன் பைக்கை நிறுத்தி ஊதச் சொன்னார்கள். 52 காட்டியது. நம் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் எல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது தப்பு, அதில் மறுபேச்சே இல்லை. மேயோ ஹால் கோர்ட்டில் வரிசையில் நின்றான், தப்பை ஒத்துக்கொண்டான், 10,000 ரூபாய் கட்டினான். "முகீத்து சார், ஹோகி" (முடிந்தது சார், போங்க) என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் அதுவும் தண்டனைத் தீர்ப்புதான் என்று அங்கே அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை. சிக்னல் தாண்டினால் கட்டுகிற ஃபைன் மாதிரிதான் அவன் நினைத்துக்கொண்டான்.

அடுத்த வருடம் ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போக வேண்டி வந்தது. அவர்களுடைய விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில், எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று நேராகவே கேட்பார்கள். கம்பெனி வக்கீல் பிடிவாதமாக 'ஆம்' என்று போடவைத்தார். சென்னையில் நேர்காணல் முடிந்ததும் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஐந்து வருடத்துக்குள் இப்படி ஒரு கைது இருந்தால் அனுப்புவது வழக்கமாம். சில வாரம் இழுத்தடித்தது, ஆனால் விசா வந்தது.

அப்புறம் கனடா. அங்கேயும் படிவத்தில் அதே மாதிரிக் கேள்வி. இந்தமுறை ஒரு ஏஜென்ட். "வெறும் ஃபைன்தானே சார், 'இல்லை'ன்னு போடுங்க" என்றார். போட்டான். கனடாவும் அமெரிக்காவும் குடிவரவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பிறகு, பொய்த் தகவல் தந்ததற்காக ஐந்து வருடத் தடை.

ஒரே வழக்கு. உண்மையைச் சொன்ன இடத்தில் விசா கிடைத்தது, மறைத்த இடத்தில் கதவு சாத்தப்பட்டது.

'ஆம்' என்று போட ஏஜென்ட் பயந்திருந்தால், அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2018 டிசம்பரிலிருந்து போதையில் வண்டி ஓட்டுவதற்குக் கனடாவில் அதிகபட்சம் பத்து வருடச் சிறை, அதனால் அதைப் பெரிய குற்றமாகவே பார்ப்பார்கள். ஆனால் வெளிநாட்டுத் தீர்ப்பைத் தங்கள் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அங்கே எல்லை 80 மில்லிகிராம், தம்பிக்கு வந்தது 52. 52 என்று எழுதிய சீட்டை வைத்து வாதாடியிருக்கலாம். அது எடுபடாவிட்டாலும் தற்காலிக அனுமதி கேட்கலாம். தண்டனை முடிந்து ஐந்து வருடம் ஆனால், திருந்திவிட்டதாக ஏற்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். இதில் எதைக் கேட்பதானாலும் முதலில் படிவத்தில் 'ஆம்' என்று இருக்க வேண்டும்.

வழக்கு நடந்துகொண்டிருப்பவர்களும் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இப்படித்தான் மறைக்கிறார்கள். கோர்ட்டில் அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் தரலாம் என்று 1993இலேயே அரசாணை இருக்கிறது. உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குத் தருவார்கள். வழக்கை மறைத்து வாங்கினால் அந்த மறைத்தலே தனிக் குற்றம்.

தம்பி பொய் சொன்னதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வரிசையில் நிற்கவைத்து ஐந்து நிமிடத்தில் ஒருவனைக் குற்றவாளி ஆக்குகிற இடத்தில், "இது உன் பெயரில் பதிவாகும், நாளைக்கு விசா கேட்கும்போது இதைச் சொல்லியாக வேண்டும்" என்று அவரவர் மொழியில் ஒரு வரி சொல்லக்கூடாதா? தமிழ், கன்னடம், உருது, இந்தி என்று நான்கு மொழியில் ஒரு பலகை மாட்ட எவ்வளவு செலவாகும்? படிவத்தில் பொய் எழுதிக்கொடுத்துக் காசு வாங்குகிற ஏஜென்டுக்கு ஏன் ஒரு நாள் தடைகூடக் கிடையாது? எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஃபைன் கட்டியிருந்தால், தீர்ப்பின் சான்றிட்ட நகலை இப்போதே வாங்கி வையுங்கள். ஊதிப் பார்த்தபோது காட்டிய அளவு எழுதிய சீட்டையும் சேர்த்து வையுங்கள். தம்பி நேற்றுதான் நகலுக்கு மனு போட்டான். அவனுடைய தடை முடியும்போது தங்கையின் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும்.