அந்த மண்டையோட்டுக் குவியல் படம்

மறுபடியும் அதே படம் சுற்றுகிறது. அமெரிக்கக் காட்டெருமைகளின் மண்டையோட்டுக் குவியல், உச்சியில் ஒரு ஆள், கீழே "வேட்டைக்காரனின் பேராசை" என்று ஒரு வரி. "மந்தைகள் அழிந்ததற்கு வேட்டைக்காரன் மட்டுமா காரணம்? ரயிலும் அரசின் சட்டங்களும்தான்" என்று அங்கே நான் எழுதியதற்கு, "கொலைகாரனுக்கு வக்காலத்தா?" என்று கேட்டார்கள். வாங்க, பேசுவோம்.

முதலில், அது புல்வெளியே இல்லை. 1892, மிச்சிகனில் ஒரு எலும்புக் கரி ஆலையின் முற்றம். சர்க்கரையை வெளுக்க எலும்புக் கரி வேண்டும். காட்டெருமைகள் மேய்ந்த அமெரிக்க நடுப்பகுதிப் புல்வெளியான பெருஞ்சமவெளியின் எலும்பு அங்கே நடந்தா வந்தது? சரக்கு ரயிலில் வந்தது.

துப்பாக்கி ரயிலுக்கு முன்பும் இருந்தது ஐயா. அதுவரை குளிர்காலத்து முடி அடர்ந்த தோலுக்குத்தான் விலை. 1871 வாக்கில் பதனிடும் முறை மாறியதும் எந்த மாதத்துத் தோலும் ஆலை இயந்திர பெல்ட்டுக்கு உதவியது. ஆனால் தோல் கனமான சரக்கு. நூற்றுக்கணக்கான மைல் வண்டியில் இழுத்தால் கட்டுபடியாகாது. 1872இல் சான்டா ஃபே ரயில் கன்சாஸின் டாட்ஜ் சிட்டிக்கு வந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தெற்கு மந்தை காலி. 1881இல் நார்தர்ன் பசிபிக் ரயில் மொன்டானாவின் மைல்ஸ் சிட்டிக்கு வந்தது, இரண்டே வருடத்தில் வடக்கு மந்தையும் காலி. இது தற்செயலா?

அரசு தடுத்ததா? 1874இல் காட்டெருமையைக் காக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவில் அதிபர் கிராண்ட் கையெழுத்தே போடவில்லை. சாப்பாடான மந்தை போனால்தான் பூர்வகுடிகள் அரசு ஒதுக்கிய இடத்துக்குள் அடங்குவார்கள் என்ற கணக்கு.

"பூர்வகுடிகளும் தோல் விற்றார்களே?" விற்றார்கள். அவர்கள் குதிரைகளும் காட்டெருமைக்கான புல்லைத் தின்றன. சரி, அடுத்தது.

"ரயில் இல்லாமல் வளர்ச்சி ஏது?" ரயில் வேண்டாம் என்று யார் சொன்னது? நிலம் கொடுத்த லட்சணத்தைப் பாருங்கள். 1864 சட்டப்படி யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்துக்கு அரசு கொடுத்தது ஒரு மைல் பாதைக்கு 12,800 ஏக்கர், ஒன்று விட்டு ஒன்றாகச் சதுர மைல் கட்டங்கள். அதை விற்றால்தான் காசு, குடியேறினால்தான் சரக்கு. உழுத இடத்தில் மழை பெருகும் என்ற கதையும் சேர்ந்தே விலைபோனது.

அரசின் பங்குக்கு, 1862 குடியேற்றச் சட்டப்படி குடும்பத்துக்கு 160 ஏக்கர். கிழக்கே அது தாராளம். பெருஞ்சமவெளியின் குறுக்கே வடக்கு தெற்காகப் போகும் 100ஆம் தீர்க்கரேகைக்கு மேற்கே ஆண்டு மழை பெரும்பாலும் 20 அங்குலத்துக்கும் கீழே. 160 ஏக்கர் புல்லில் மாடு மேய்த்து ஒரு குடும்பம் பிழைக்காது. வேறு வழி? உழவேண்டியதுதான். மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்று நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1878இலேயே அறிக்கை கொடுத்தார். கேட்டார்களா? 1909இல் 320 ஆக்கினார்கள், அதிலும் எட்டில் ஒரு பங்கைக் கட்டாயம் பயிரிடு என்று நிபந்தனை! புல் நிலத்தில்!

முதல் உலகப் போரில் கோதுமைக்கு உத்தரவாத விலை. பிறகு டிராக்டரும் வட்டத்தட்டுக் கலப்பையும் வேரை அறுத்து மண்ணை மாவாக்கின. 1930களின் தொடக்கத்தில் விலை விழுந்தது, வயலைப் போட்டது போட்டபடி விட்டுப் போனார்கள், மழையும் பொய்த்தது. 1935 ஏப்ரல் 14, புழுதிப் புயலில் பகலிலேயே இருட்டிய கறுப்பு ஞாயிறு. மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது ஏப்ரல் 27இல். என்ன சுறுசுறுப்பு!

"வறட்சி இயற்கைதானே?" இயற்கைதான். அங்கே அதற்கு முன்பும் வறட்சி வந்திருக்கிறது. அப்போது மண்ணைப் பிடித்துக்கொள்ளப் புல் இருந்தது. அதை உழச்சொல்லிச் சட்டம் போட்டது வேட்டைக்காரனா?