ஃபேடரை இறக்கினால் பிட் குறைவதில்லை

ஒரு நண்பர், டிஜிட்டல் மிக்சரில் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) கீழே இறக்கினால் பிட்கள் குறைந்து ஒலித்தரம் கெடும், அதனால் கெயினை (மைக் சிக்னலை நுழைவிலேயே பெருக்கும் அளவு) முழுக்க ஏற்றி ஃபேடரை 0 டிபி (டெசிபல்) குறியில், அதாவது கூட்டாமலும் குறைக்காமலும் விடும் இடத்தில், வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். 16 பிட் முழு எண் கணக்குக்கு இது ஓரளவு பொருந்தும். இன்றைய மிக்சர்கள் பெரும்பாலும் உள்ளே மிதவைப் புள்ளியில் (ஃப்ளோட்: எண்ணின் இலக்கங்களையும் அதன் அளவைச் சொல்லும் அடுக்கெண்ணையும் தனித்தனியே வைக்கும் முறை) கணக்கிடுகின்றன. பெரிங்கர் எக்ஸ்32 என்ற மிக்சரில் அது 40 பிட். 32 பிட் மிதவையிலேயே சிக்னல் எவ்வளவு சிறிதானாலும் 24 பிட் நுணுக்கம் அப்படியே நிற்கும். மாறுவது அடுக்கெண் மட்டும்.

சோதிப்பது சுலபம். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் 32 பிட் ஃப்ளோட் டிராக் ஒன்றை நகலெடுங்கள். நகலை 60 டிபி குறைத்து, மறுபடி 60 டிபி கூட்டி, இன்வெர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி) அசலோடு கலந்தால் காதுக்கு எதுவும் மிஞ்சாது. (நடுவில் ரீவெர்ப், இக்யூ எதுவும் போடாதீர்கள், கணக்கு கெட்டுவிடும்.) குறைத்ததை 16 பிட் வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, திரும்பத் திறந்து 60 டிபி கூட்டுங்கள்: சரசரவென்று இரைச்சல் கேட்கும். ஒரு பிட் சுமார் 6 டிபி; பத்து பிட் போன இடம் அதுதான்.

கெயினை முழுக்க ஏற்றுவதுதான் உண்மையில் ஆபத்து. அது ஏடிசிக்கு (அனலாக் சிக்னலை டிஜிட்டல் எண்களாக மாற்றும் பகுதி) முன்னால் இருக்கிறது. அங்கே உச்சி வெட்டுப்பட்டால் பிறகு ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் அந்தக் கரகரப்பு போகாது. பாடகர் முழுக் குரலில் பாடும்போது உச்சம் −10 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டலின் உச்ச வரம்புக்கு 10 டிபி கீழே) அருகே நிற்கும்படி கெயினை வையுங்கள். ஃபேடரைத் தாராளமாக இறக்கலாம்.