கோல்கொண்டே: சிமெண்ட் இல்லாத கட்டடமா?

“புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி பிரெஞ்சு அரசு கட்டியது; சிமெண்டும் கம்பியும் இல்லாமல் சுண்ணாம்பும் கடுக்காயும் சேர்த்துக் கட்டியதால்தான் உள்ளே குளுமை” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1937-ல் வேலை தொடங்கிய இந்த விடுதி, இந்தியாவின் ஆரம்பகால கம்பி கட்டிய கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட்; தளத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சம்மரும். பணம் பிரெஞ்சு அரசுடையதல்ல. ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரியின் முயற்சியால் அந்த சமஸ்தானத்தின் மன்னர் நிஜாமிடமிருந்து வந்தது. ஹைதராபாத்தின் கோல்கொண்டாவை நினைவூட்டும் பெயரும் அதனால்தான்.

குளுமைக்குக் காரணம் அமைப்பு. நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன, அதனால் காலை, மாலை வெயில் அறைகளில் நேராக விழாது. அந்தப் பக்கங்களில் சுவருக்குப் பதில் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். திறந்தால் காற்று அறையைக் கடந்து போகும், மூடினால் மழைச்சாரல் நிற்கும். கூரை இரண்டு அடுக்கு, நடுவில் காற்று இடைவெளி. உட்சுவரில் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு உண்டு. ஆனால் பாரத்தைத் தாங்குவது அதுவல்ல, கான்கிரீட்தான்.

செய்தியை நம்பி இன்றைய கான்கிரீட் கலவையில் கடுக்காய்ச் சாறு ஊற்றாதீர்கள். அதிலுள்ள சர்க்கரைப் பொருள் சிமெண்ட் இறுகுவதைத் தாமதமாக்கும். கடலோரத்தில் வலுவைக் காப்பது கம்பிக்கு வெளியே போதிய கான்கிரீட் மூடலும் உப்பில்லாத மணல், தண்ணீரும்தான். மூடல் குறைந்தால் உப்பு உள்ளே போய்க் கம்பி துருவேறி வீங்கும், கான்கிரீட் பெயரும்.