அது கன்னிக்காடு அல்ல, வெட்டிய காடு

நேற்று இரவு நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: கலிஃபோர்னியாவின் நைசீன் மார்க்ஸ் காட்டுக்குப் போய்வந்த ஒரு குழு, அது யாரும் வெட்டாத கன்னிக்காடு என்று இணையத்தில் படம் போட்டிருந்தது. அதன் கீழே நான் முதலில் எழுதியது ஒரே வரி: "நைசீன் மார்க்ஸ் கன்னிக்காடு அல்ல, வெட்டி அழிக்கப்பட்டு மறுபடி வளர்ந்த காடு." அதற்கு எனக்குக் கிடைத்த பட்டங்கள் மேதாவி, வயிற்றெரிச்சல்காரன், வாத்தியார்.

"மனிதக் காலடி படாத ஆதிவனம்" என்று படத்துக்குத் தலைப்பு வைத்திருந்தார்கள். காலடி படாத இடத்தில் இருபது பேர் எப்படி வரிசையாக நின்றீர்கள் என்று நான் கேட்கவில்லை. மரியாதைக்காக விட்டுவிட்டேன். அந்தக் காட்டின் ரெட்வுட் மரத்தைச் செம்மரம் என்று எழுதியதையும் விட்டுவிட்டேன். நம் ஊரில் செம்மரம் என்றால் வேறு மரம், வேறு வழக்கு.

ஆனால் வெட்டியதை எப்படி விடுவது? ஆப்டோஸ் ஊருக்கு மேலே இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கை லோமா ப்ரியேட்டா லம்பர் கம்பெனி 1883 முதல் 1923 வரை, நாற்பது வருடம் வெட்டியது. மரத்தை இறக்க சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி பாதை போட்டது. அந்தப் பாதைக்கு மலையை வெட்டியவர்கள் சீனத் தொழிலாளிகள். நீங்கள் சிரித்துக்கொண்டே நடந்த 'லோமா ப்ரியேட்டா கிரேட்' என்ற நடைபாதை, அந்த ரயில் ஓடிய தடம். காட்டுக்குள் அவ்வளவு சீரான ஏற்றம் தானாக வருமா? வெளியே போன மரம் 14 கோடி பலகை அடி (ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம் உள்ள பலகை ஒரு பலகை அடி). மரவாடிக் கணக்கில் சொன்னால் 1 கோடியே 16 லட்சம் கன அடிக்கு மேல்.

"அங்கே சில பழைய மரங்களும் இருக்கின்றனவே" என்றார் ஒருவர். இருக்கின்றன. தப்பியவை. அதனால் என்ன? பழங்காடு பார்க்க வேண்டுமென்றால் ஹென்றி கவெல் பூங்காவுக்குப் போங்கள், பக்கத்தில்தான் இருக்கிறது.

"ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று கேட்டவருக்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கன்னிக்காடு என்று சொன்ன மாத்திரத்தில் பாதை போட்ட சீனர்கள் காணாமல் போகிறார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே அந்தப் பகுதியில் வாழ்ந்த பழங்குடிகளும் காணாமல் போகிறார்கள். 1950களில் எண்ணெய் கிடைக்கும் என்று அந்த நிலத்தை வாங்கி, கிடைக்காமல் போகவே, 1963இல் டென்மார்க்கிலிருந்து வந்த தங்கள் தாயின் நினைவாக அதை மாநிலப் பூங்காவுக்குக் கொடுத்த பிள்ளைகளும் போகிறார்கள். அந்தத் தாயின் பெயர்தான் நைசீன் மார்க்ஸ். பெயரே கதை சொல்கிறது. ஒரு சொல்தானாம்!

ஏழு வருடங்களுக்கு முன்பு அப்பா வந்திருந்தபோது அங்கே அழைத்துப்போனேன். செங்கோட்டைப் பக்கம் மரவாடியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். இங்கே வந்ததிலிருந்து எதைக் காட்டினாலும் "நல்லது" என்பதோடு நிறுத்திக்கொண்டவர், அந்தக் காட்டில் நின்றுவிட்டார். கரிய பெரிய அடிமரம் ஒன்று, அதைச் சுற்றி வட்டமாக எட்டு மரங்கள். "கரும்புக்கு மறுதாம்பு விட்ட மாதிரி இருக்கிறதே. இது வெட்டிய காடு" என்றார். அறிவிப்புப் பலகை எதையும் அவர் படிக்கவில்லை. ரெட்வுட் வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அடிமரத்தில் ஆள் உயரத்தில் இருந்த குழிகளில் கைவிட்டுப் பார்த்தார். மரம் அடியில் பெருத்திருக்கும் என்பதால், அந்தக் குழிகளில் பலகையைச் செருகி அதன்மேல் நின்று அறுத்திருக்கிறார்கள். என் மகள் ஒரு குழியில் தண்ணீர் பாட்டிலை வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

இதை நேற்று எழுதியதற்குத்தான் அந்தப் பதில் வந்தது: "கணக்குப்பிள்ளை சொன்னதெல்லாம் தாவரவியல் ஆகிவிடுமா?" ஆகாதுதான் ஐயா. அவர் எட்டாவது வரைதான் படித்தார். ஆனால் கண்ணெதிரே இருந்ததைப் பார்த்தார். அதற்குப் பட்டம் தேவைப்படவில்லை. என்னைத் திட்டியவர்களிடம் எனக்கு வருத்தமில்லை. அந்த வரிக்குச் சிரிப்புக் குறி போட்ட பதினேழு பேரில் நான்கு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். அப்பா கையால் காபி வாங்கிக் குடித்தவர்கள்.

காட்டை ரசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும்தான் மாதம் ஒருமுறை போகிறேன். நாற்பது வருடம் வெட்டியும் எழுந்து நிற்கிறது என்பதால்தான் போகிறேன்.

பின்னூட்டத்தை மூடிவிட்டேன். அதற்கு முன் ஒன்று. உங்கள் குழுப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். இடது ஓரத்தில் நீலச் சட்டைக்காரர் சாய்ந்து நிற்பது பாறை அல்ல. அவர் தோளுக்குப் பக்கத்தில் குழி தெரிகிறது.