உயரமான பிஸ்டனால் மட்டும் சிசி அதிகரிக்காது

வேறொரு என்ஜினின் உயரமான பிஸ்டன்களைப் பொருத்தினாலே, சிலிண்டரை ரீபோர் செய்யாமல் (அதாவது அதன் உட்புறத்தைக் கடைந்து அகலப்படுத்தாமல்) சிறிய கார் என்ஜினின் கொள்ளளவை (சிசி) கூட்டிவிடலாம் என்று இங்கே சிலர் குறிப்பிட்டுள்ளனர். அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

கொள்ளளவைத் தீர்மானிப்பவை சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்), சிலிண்டர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்று மட்டுமே. நகரும் தூரத்தை முடிவு செய்வது, பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்தானே தவிர பிஸ்டன் அல்ல. 68.5 மி.மீ. விட்டமும் 72 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட மூன்று சிலிண்டர் என்ஜின் 796 சிசி. அதில் 1 மி.மீ. உயரமான பிஸ்டனைப் போட்டாலும் அதே 796 சிசிதான். ஆனால் எரியறை சுருங்குவதால், 9 ஆக இருந்த அமுக்க விகிதம் (உள்ளே வரும் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) ஏறத்தாழ 10 ஆகிவிடும். வண்டி சற்று விறுவிறுப்பாக ஓடுவதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். குழப்பமும் இங்கிருந்துதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். என்ஜின் நாக்கிங் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும் ஒலி எழுவது), வால்வில் பிஸ்டன் மோதுதல் போன்ற ஆபத்துகளும் இதனுடனேயே வருகின்றன. மாறாக, சிலிண்டரை 70 மி.மீ.க்கு ரீபோர் செய்து, அந்த அளவுக்குரிய பிஸ்டன்களைப் பொருத்தினால் கொள்ளளவு உண்மையாகவே 831 சிசி ஆகும்; சிலிண்டர் சுவரின் தடிமன் அதற்கு இடம்கொடுக்க வேண்டும் என்பது தனி விஷயம்.

இதை எவரும் சரிபார்க்கலாம். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிய நிலையில், கிராங்கைக் கையால் மெதுவாகச் சுழற்றி, பிளாக்கின் மேல்விளிம்பிலிருந்து பிஸ்டனின் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த நிலைகளை டெப்த் கேஜால் (ஆழம் அளக்கும் கருவியால்) அளந்து பாருங்கள். உயரமான பிஸ்டன் மேலே 1 மி.மீ. கூடுதலாக ஏறும், கீழேயும் அதே 1 மி.மீ. குறைவாகவே இறங்கும், இடைத்தூரம் 72 மி.மீ. ஆகவே இருக்கும்.