அயோவாவுல விவசாய மானியம் கடைசியில யார் கைக்குப் போகுது

ஊர்ல இருந்து யார் பேசினாலும் "அங்க விவசாயிக்கு கவர்மெண்ட் அள்ளிக் குடுக்குதாமே"ன்னு கேக்கறாங்க. குடுக்குதுதான். அது யார்கிட்ட போய்ச் சேருதுங்கறதுல எனக்கு ரொம்ப நாளா ஆத்திரம் இருக்கு, இன்னிக்கு எழுதிடறேன்.

நான் இருக்கறது அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல ஒரு சின்ன கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), எந்தப் பக்கம் வண்டிய விட்டாலும் மக்காச்சோளம், சோயா. மாநிலத்துல பாதி நிலத்துக்கு மேல குத்தகைதான். 2022ல அயோவா ஸ்டேட் யூனிவர்சிட்டி எடுத்த சர்வேல மூணுல ரெண்டு பங்கு நிலம் 65 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்க பேர்ல இருக்குன்னு வந்துச்சு. நிறைய பேர் உழறதையே விட்டாச்சு.

பிஎல்சின்னு (Price Loss Coverage) ஒரு மானியத் திட்டம் இருக்கு. சட்டத்துல போட்ட ரேட்டுக்குக் கீழ விலை இறங்கினா வித்தியாசத்த கவர்மெண்ட் குடுக்கும். ஆனா இந்த வருஷம் நீங்க என்ன விதைச்சீங்கன்னு பாத்து இல்ல, அந்த நிலத்துல முன்னாடி எப்பவோ என்ன விதைச்சாங்கங்கற பழைய கணக்க வெச்சு. பேஸ் ஏக்கர்னு சொல்லுவாங்க. உரிமை நிலத்தோட ஒட்டிக்கிட்டு வருது, ஆளோட இல்ல.

ரொக்கக் குத்தகைன்னா பணம் உழறவர் பேர்லதான் வரும், சட்டம் அப்படித்தான் சொல்லுது. ஆனா நிலத்துக்காரருக்கும் நியூஸ் தெரியுமே, அதுக்கேத்த மாதிரி குத்தகை கேப்பார். 2025ல வந்த சட்டத்துல மக்காச்சோளத்துக்கு புஷலுக்கு (இங்க தானியம் அளக்கற அளவு) 3.70 டாலரா இருந்த ரேட்ட 4.10 ஆக்கினாங்க, சோயாவுக்கு 8.40ல இருந்து 10 டாலர். அந்தக் கணக்குல பணம் கைக்கு வர்றது 2026 அக்டோபருக்கு அப்புறம்தான். குத்தகைப் பணமோ இங்க பெரும்பாலும் மார்ச்லயே பாதி கட்டியாகணும்.

எங்க பக்கத்துல நாப்பது வயசுக்குள்ள ஒருத்தர், சொந்தமா கொஞ்சம் நிலம், மிச்சமெல்லாம் குத்தகை. செப்டம்பர் 1 நெருங்கினாலே அவர் வீட்ல யாரும் சரியா பேச மாட்டாங்க, ஏன்னா குத்தகைய முடிக்கறதுன்னா அந்தத் தேதிக்குள்ள நோட்டீஸ் குடுக்கணும்னு அயோவா சட்டம், தபால்ல என்ன வருதோன்னு பயம். மக்காச்சோளம் 2022ல ஏழு டாலரத் தொட்டுட்டு அப்புறம் நாலு டாலருக்கு வந்துடுச்சு. குத்தகை மட்டும் 2022ல இருந்ததுக்குக் கீழ இறங்கல, மாநில சராசரி 2022ல ஏக்கருக்கு 256 டாலர், 2025ல 274. குறைக்கச் சொல்லிக் கேட்டா நிலத்துக்காரங்க "உங்களுக்குத்தான் மானியம் வருதுல்ல"ங்கறாங்களாம். அவர் குடுக்க மாட்டேன்னா ஆயிரக்கணக்குல ஏக்கர் ஓட்டற பெரிய ஆளு குடுக்கத் தயாரா நிக்கறாரு.

பெரிய ஆளுக்கு மானியத்தோட உச்சவரம்பும் பெரிய தடை இல்ல. ஒருத்தருக்கு வருஷம் 1,25,000 டாலர்னு இருந்தத அதே சட்டத்துல 1,55,000 ஆக்கிட்டாங்க, எல்எல்சி மாதிரி கம்பெனியா இருந்தா உள்ள இருக்கற ஒவ்வொரு பங்குதாரருக்கும் தனித்தனி வரம்பு. மானியமே வேண்டாம்னு நான் சொல்லல, சீனா சோயா வாங்கறத நிறுத்தினா அதுல இங்க இருக்கற சின்ன விவசாயி என்ன தப்பு பண்ணினார், அவரத் தாங்கித்தான் ஆகணும். ஆனா அடுத்த ஃபார்ம் பில் (விவசாயச் சட்டம்) போடும்போதாவது இந்த வருஷம் யார் விதைச்சாங்களோ அந்தக் கணக்க வெச்சு குடுங்க, உச்சவரம்பக் குறைங்க, அதுல மிச்சமாகறத புதுசா விவசாயத்துக்கு வர்றவங்க நிலம் வாங்கக் கடனா குடுங்க.