மயக்கத்தில் இருக்கும் பூனைக்கு வலிக்கிறதா? ஸ்மார்ட் வாட்ச் சொல்லாது

“ஆபரேஷனின்போது பூனையின் காலில் ஸ்மார்ட் வாட்ச் கட்டுங்கள். எச்.ஆர்.வி. எண் குறைந்தால் அதற்கு வலிக்கிறது, மயக்க மருந்து போதவில்லை என்று அர்த்தம்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

எச்.ஆர்.வி. என்பது அடுத்தடுத்த இதயத்துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு. நிமிடத்துக்கு 150 முறை துடிக்கும் பூனைக்குச் சராசரி இடைவெளி 400 மில்லிசெகண்ட். அதில் சில மில்லிசெகண்ட் கூடுவதையும் குறைவதையும் பிடிக்க நல்ல ஈசிஜி பதிவு வேண்டும். மனிதத் தோலுக்காகச் செய்த வாட்ச், ரோமத்தின் மேல் அதைச் செய்யாது.

சரி, ஈசிஜியிலேயே எடுத்தாலும்? மருந்துகளே அந்த எண்ணை மாற்றிவிடும். மயக்கம் தரும் ஐசோஃப்ளூரேன் வாயு அதைக் குறைக்கும். இதயத்துடிப்பு மிகவும் குறைந்தால் தரும் அட்ரோபின் போட்டால் துடிப்பு வேகமாகி, ஏற்ற இறக்கம் மங்கிவிடும். அமைதிப்படுத்தத் தரும் டெக்ஸ்மெடெடோமிடின் துடிப்பை வெகுவாக மெதுவாக்கும், அதனாலும் எண் மாறும். வென்டிலேட்டரின் மூச்சு வேகம்கூடக் கணக்கை மாற்றும். ஆகவே எண் குறைந்ததை வைத்து மட்டும் வலி என்று சொல்லவே முடியாது. ஆராய்ச்சியில் இதற்கு இடம் உண்டு. தனியாக நின்று தீர்ப்பு சொல்லும் கருவி அல்ல.

மருத்துவர் பார்ப்பது ரத்த அழுத்தம், ஈசிஜி, ஆக்சிஜன் அளவு, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடு, உடல் வெப்பம், அப்புறம் தாடை இறுக்கம், கண் அனிச்சை (இமையைத் தொட்டால் இமைக்கிறதா என்பது). அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கத்தின் 2020 மயக்க மருந்து வழிகாட்டுதல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் செய்தியை நம்பிக் கருத்தடை ஆபரேஷனையே தள்ளிப்போட்டால் பாதிப்பு பூனைக்குத்தான். தயவுசெய்து இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால், என்னென்ன கண்காணிப்பீர்கள் என்று உங்கள் கால்நடை மருத்துவரிடமே கேளுங்கள்.